அக்கா பாடி அனுப்பிய பாட்டு

றக்வானையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகிற பஸ்ஸில் பாட்டு இல்லாமல் நான் ஒருநாளும் போனதில்லை. சிங்களப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு எல்லாம் கலந்து ஓடும். டிரைவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் பழைய தமிழ்ப் படப் பாட்டு கொஞ்சமாவது வைத்திருப்பார். இப்போதும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என்ன பாட்டு ஓடுகிறது என்றுதான் முதலில் கவனிப்பேன். ஒரே ஒரு பாட்டுக்காகத்தான் அந்தக் கவனிப்பு. அது எந்தப் பாட்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவரவருக்கு அதில் அவரவர் ஞாபகம் ஒன்று இருக்கும். என் ஞாபகத்தை மட்டும் எழுதுகிறேன்.

புல்லாங்குழலில் தொடங்குகிற பாட்டு அது. ஒரு பெண் தனியாகப் பாடுவது. முதல் சரணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பாடகி லேசாக, மூச்சு விடுகிற மாதிரி, ஒரு சிரிப்புச் சிரிப்பார். அவ்வளவுதான், அரை நொடி. எங்கள் அம்மாவுக்கு அந்த அரை நொடிதான் பிடிக்கும்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று, அதில் அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா, நான். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை வேலை இல்லை. அன்றைக்குத்தான் அம்மா துணி துவைப்பார், விறகு பிளப்பார், எங்கள் தலைக்கு எண்ணெய் வைப்பார். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்துவிட்டால் எந்த வேலையாக இருந்தாலும் கை நின்றுவிடும். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நிற்பார். சிரிப்பு வருகிற இடம் முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார். மிச்சப் பாட்டை நின்று கேட்டதே இல்லை.

அக்காவுக்கு நல்ல குரல். ரேடியோ இல்லாத நேரத்தில் அம்மா அவளைப் பாடச் சொல்வார்.

"அந்த எடத்துல ஒழுங்கா சிரிடி. போன தடவ இருமுற மாதிரி இருந்திச்சு."

"பாட்டு முழுக்கப் பாடுறேன், அத ஒன்னும் சொல்ல மாட்டீங்க. சிரிப்புல மட்டும் குத்தம் கண்டுபிடிப்பீங்க" என்பாள் அக்கா. ஆனாலும் மறுபடி பாடுவாள். அச்சு அசல் அந்தப் பாடகி மாதிரியே சிரிப்பாள். அம்மா தலையை ஆட்டுவார். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. யாரோ சிரிப்பதைக் கேட்பதில்தான் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது போலிருக்கிறது.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயதானபோது வீட்டு வேலைக்காக வெளிநாடு போனாள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நிறையப் பெண்கள் போய்க்கொண்டிருந்த காலம். நான் படிக்க வேண்டும், லயத்தை விட்டு வெளியே ஒரு வீடு வேண்டும் என்று அக்காதான் பிடிவாதமாக நின்றாள். அம்மாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் தடுக்கவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு எழுத வராது. அதனால் அக்காவுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. மடித்து ஒட்டுகிற நீல நிற ஏர்மெயில் தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவார், நான் எழுதுவேன். கோழி முட்டையிட்டது, மழையில் கூரைத் தகரம் தூக்கிக்கொண்டது, மாமா அதைக் கட்டிக் கொடுத்தார், எனக்குக் கணக்கில் நல்ல மார்க்ஸ். மாமா என்பது அம்மாவின் தம்பி. அதே லயத்தில் கடைசிக் காம்பராவில் குடும்பத்தோடு இருந்தார்.

அக்கா போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் ஏற்றம் ஏறும்போது மட்டும். பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால். பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. கால் வீங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். மாமா கட்டாயப்படுத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இருதயம் பலவீனமாக இருக்கிறது, பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். கொழுந்துக் கூடையும் பாரம்தானே என்று அம்மா கேட்டாராம். மாமா வந்து சொன்னார்.

அந்த வாரம் அக்காவுக்குக் கடிதம் எழுதும்போது, அம்மா சொல்லாமலே நான் ஒரு வரி எழுதினேன். எழுதும்போது உதடு அசைந்திருக்க வேண்டும்.

"என்ன பாப்பா எழுதுற?" என்றார் அம்மா.

"ஒங்களுக்கு மூச்சு வாங்குறத எழுதினேன்."

"அடிச்சிரு."

"அம்மா, அக்காவுக்குத் தெரியணும்தானே?"

"தெரிஞ்சு என்ன பண்ணுவா? பறந்து வருவாளா? பாஸ்போட்டு வீட்டுக்காரங்க கையில. அங்க ஒத்தையா கெடந்து அழுவா. அடிச்சிரு. அம்மா நல்லா இருக்காங்கன்னு எழுது."

அடித்தேன். படிக்க முடியாத அளவுக்குப் பேனாவால் மேலும் கீழும் கீறினேன். தாள் கிழிந்துவிடும் என்று பயந்து நிறுத்தினேன். அதற்குக் கீழே, 'அம்மா நல்லா இருக்காங்க. இப்ப முந்தி மாதிரி இல்ல, நல்லா சாப்பிடுறாங்க' என்று எழுதினேன். நன்றாகச் சாப்பிடுகிறார் என்பது அம்மா சொன்னதல்ல. பொய் என்று முடிவான பிறகு அதை நம்புகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குப் பிறகு அனுப்பிய மூன்று கடிதங்களிலும் அப்படித்தான் எழுதினேன்.

அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் ஆஸ்பத்திரியில் இறந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மாமாவின் மனைவி வந்து வகுப்பு வாசலில் நின்றார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அக்கா வேலை செய்த வீட்டு நம்பர் அவளுடைய முதல் கடிதத்தில் இருந்தது. மாமா டவுனுக்குப் போய் ஒரு கடையிலிருந்து அந்த நம்பருக்கு இரண்டு நாள் விடாமல் அடித்தார். யாரோ எடுத்து, புரியாத மொழியில் பேசி, வைத்துவிட்டார்கள். கடைசியில் கடிதம்தான். அதையும் நானே எழுதினேன். முதன்முறையாக யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாமல் எழுதிய கடிதம். நாலு வரிகூட இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி. வாசலில் தகரம் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குச் சனம் உட்கார்ந்திருந்த நேரத்தில் அறிமுகமில்லாத ஒரு பெண் பாதையில் ஏறி வந்தார். நல்ல சேலை, கையில் பெரிய பை. அக்காவோடு அதே ஊரில் வேலை செய்தவர், லீவில் வந்திருக்கிறார், கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டம். வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்து ஏதோ விசேஷம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அருகில் வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"அம்மா கையில குடுக்கச் சொல்லி அனுப்பினாங்க" என்று பையை நீட்டினார். யாரும் கை நீட்டவில்லை. நான் போய் வாங்கிக்கொண்டேன்.

அதில் இரண்டு சோப், ஒரு போர்வை, எனக்கு ஒரு கவுன், ஒரு கேசட். கேசட்டின் மேல் 'அம்மாவுக்கு' என்று அக்காவின் கையெழுத்து.

"போடு, கேப்போம்" என்றார் மாமா. சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மாமா வீட்டு டேப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

முதலில் படப் பாட்டுகள். அங்கே கடையில் வாங்கிய தமிழ்க் கேசட்டாக இருக்க வேண்டும். மூன்றாவது பாட்டு நடுவில் டக்கென்று அறுந்தது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்டது. பிறகு அக்கா.

"அம்மா, நான்தான் பேசுறேன். கேக்குதா? மேடம் தூங்குறாங்க, அதனால சத்தமா பேச ஏலாது."

மாமா டேப்பின் சத்தத்தைக் கூட்டினார்.

"பாப்பா எழுதின லெட்டர் கெடச்சிச்சு. நீங்க நல்லா இருக்கீங்க, நல்லா சாப்பிடுறீங்கன்னு எழுதியிருந்தா. அதப் பாத்த பெறகுதான் எனக்கு நிம்மதி. கெட்ட கெட்ட கனாவா வந்துக்கிட்டு இருந்திச்சு. இப்ப ஒன்னுமில்ல. சந்தோசமா இருக்கேன். அந்தப் பாட்டுக் கேசட் இங்க எங்கயும் இல்லம்மா. அதுதான் நானே பாடி அனுப்புறேன். சிரிப்பு சரியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க."

பாடினாள். தாழ்ந்த குரலில், வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி பாடினாள். முதல் சரணம் முடிந்தது. சிரித்தாள். அவ்வளவு சரியாக அவள் அதற்கு முன்னால் சிரித்ததே இல்லை.

யாரோ ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினார். பிறகு எல்லோரும். நான் அழவில்லை. டேப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சக்கரங்கள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பாட்டை முடித்துவிட்டு, "பாப்பா, அம்மாவுக்கு இன்னொரு தடவ போட்டுக் காட்டு" என்றாள். அதோடு அவள் குரல் நின்றது. கேசட்டில் மிச்சமிருந்த படப் பாட்டு ஒன்று நடுவிலிருந்து ஓடியது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறார் என்று ஏன் எழுதினாய் என்று அன்றைக்கு ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பிள்ளை மனசு நோகும் என்று விட்டிருப்பார்கள். யாராவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அக்கா ஒப்பந்தம் முடிந்து வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. வந்த அன்றைக்கு முதலில் அம்மாவைப் புதைத்த இடத்தைக் கேட்டாள். தேயிலை மலைக்குக் கீழே, ஆற்றோரம். கூட்டிப் போனேன். அவள் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேசட் எங்கே என்றும் கேட்கவில்லை. அதை நான் என் பள்ளிக்கூடச் சான்றிதழ்களோடு வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, என் அடையாள அட்டை வேலையாக இருவரும் இரத்தினபுரிக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் ஜன்னலோரத்தில் அக்கா, பக்கத்தில் நான். மழை தூறிக்கொண்டிருந்தது. வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் தோள் என்மேல் சாய்ந்து விலகியது. சிங்களப் பாட்டு ஒன்று முடிந்தது. புல்லாங்குழல் தொடங்கியது.

அக்கா அசையாமல் இருந்தாள். முதல் வரி, இரண்டாவது வரி. முதல் சரணம் பாதியில் இருந்தபோது எழுந்துவிட்டாள். என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு முன்னால் போய் மணியை இழுத்தாள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"நங்கி, மெத்தன ஹோல்ட் எக்கக் நே" என்றார் கண்டக்டர். தங்கச்சி, இங்கே பஸ் நிற்கிற இடமில்லை என்று.

"கமக் நே, பஹினவா" என்றாள் அக்கா. பரவாயில்லை, இறங்குகிறேன். வந்த பிறகு அவள் சிங்களம் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். குரல் நடுங்கவேயில்லை.

பஸ் போய்விட்டது. ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் ரப்பர் மரங்கள். வீடு வாசல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. மரத்தடியில் ஒதுங்கி நின்றோம்.

"அம்மா எத்தன மாசமா சீக்கா இருந்தாங்க?" என்றாள் அக்கா.

"ஏழு மாசம்."

"ஏழு மாசமும் நீ நல்லா இருக்காங்கன்னுதான் எழுதின."

"அம்மா சொல்லித்தான்..."

"நல்லா சாப்பிடுறாங்கன்னு எழுதச் சொன்னதும் அம்மாவா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். பொய்யை இன்னும் நீட்ட எனக்குத் தெம்பில்லை.

"ஒரு லெட்டர்ல ஒரு வரிய அடிச்சிருந்த" என்றாள். "கறுப்பா, கீறிக் கீறி. நான் சமயலறையில லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாத்தேன். தாள திருப்பி வச்சும் பாத்தேன். ஒன்னும் தெரியல. எழுத்துப் பெழைனு நெனச்சேன். என்ன எழுதியிருந்த?"

"அம்மாவுக்கு மூச்சு வாங்குது, காலும் வீங்கியிருக்குன்னு."

அக்கா அந்த வரியைத் தனக்குள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கருமாதியன்று எனக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. பக்கத்தில் உட்காரப் பயந்து, நின்றபடியே அழுதேன்.

"நான் சிரிச்சேனே" என்றாள். "அம்மா செத்து ஆறு நாள். நான் அங்க குந்தி ஒரு சிரிப்ப நாலு தடவ ரெக்கோட் பண்ணினேன். சரியா வரலன்னு அழிச்சு அழிச்சு."



அடுத்த பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நனைந்துபோய் ஏறினோம். அடையாள அட்டைக் கந்தோர் மூடியிருந்தது. சாப்பாட்டுக் கடையில் எனக்குச் சோறு வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் தேத்தண்ணி மட்டும் குடித்தாள். 'ஒன்ன மன்னிச்சிட்டேன்' என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. எம்பிலிப்பிட்டியவில் ஒரு கார்மெண்ட் வேலையில் சேர்ந்தாள். ஒரு அறை எடுத்து என்னையும் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தாள். நான் இன்று தையல் கடை வைத்துப் பிழைப்பதும், எனக்கு ஒரு குடும்பம் இருப்பதும் அவளால்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களுக்கு இரண்டு வீதி தள்ளி இருக்கிறாள்.

எனக்குக் கல்யாணமான புதிதில், டிவியில் அந்தப் பாட்டு வருகிற படத்தைப் போட்டார்கள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கடற்கரை. கதாநாயகி கதாநாயகனின் சட்டைப் பையிலிருந்து ஏதோ சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். அந்தச் சிரிப்பு அதற்கான சிரிப்பு. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அம்மா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அவர் மனதில் அந்தச் சிரிப்பு எங்கே நடந்தது என்று தெரியவில்லை. கடற்கரையில் நடந்திருக்காது.

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். எடுத்துவிட வேண்டும், எடுத்துச் சோதித்த பிறகுதான் எப்படிப்பட்ட கட்டி என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். என் மகள் மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒரே பிள்ளை. அவளுக்குப் பரீட்சை தொடங்க ஒன்பது நாள் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "புள்ளைக்கு இப்ப சொல்லாத. பரீட்ச முடியட்டும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குத்திக்காட்ட வேண்டும் என்று பார்க்கவில்லை, சத்தியமாக. எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் அவள் வாயிலிருந்து அது வந்ததும் அம்மாவின் 'அடிச்சிரு' ஞாபகம் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அக்கா எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்பதான் தெரியுது" என்றாள், "அம்மா ஏன் அப்பிடிச் சொன்னாங்கன்னு."

நான் துணியை எடுத்துப் பால் வழிந்த இடத்தைத் துடைத்தேன்.

"போனப் போடு. நீ சொன்னா அழுவ. நான் சொல்றேன்."

ஸ்பீக்கரில் போட்டாள். மகளிடம் எதையும் மறைக்கவில்லை. கட்டி, ஆபரேஷன், எந்த நாள், என்ன சோதனை, என்ன பயம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பிறகு மகள் கேட்டாள்: "பெரியம்மா, இவ்வளவுதானா? வேற ஒன்னும் மறைக்கலயே?"

"இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சது எல்லாம் சொல்லிட்டேன்."

மறுநாள் காலை பஸ் ஏறி வந்துவிட்டாள், பாடப் புத்தகங்களோடு. ஆபரேஷன் முடிந்து வார்டில் கிடந்த மூன்று நாளும் அவளும் அக்காவும் மாறி மாறி இருந்தார்கள். கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் படிப்பாள். சலிப்பு வந்தால் காதில் பாட்டு. இரண்டாம் நாள் மாலை, வலி தாங்காமல் நான் முனகியபோது, ஒரு இயர்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

"கேளுங்கம்மா, மனசு மாறும்."

இந்த வருஷத்துப் படப் பாட்டு. காது அதிர்கிற மேளம். வேகம் பிடிபடாமல் வார்த்தையில் பாதி எனக்குப் புரியவில்லை. பாதிப் பாட்டில், தையல் இழுக்குமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து தலையை ஆட்டினேன். கஞ்சிப் போத்தலோடு உள்ளே வந்த அக்கா வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் திரும்பிப் போய்ப் பரீட்சை எழுதினாள். ஐந்து வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மகளுக்கு முதலில் சொன்னேன், பிறகு அக்காவுக்கு.

அந்தப் புதுப் பாட்டு இப்போது எல்லாக் கல்யாண வீட்டிலும் ஓடுகிறது. சின்னப் பிள்ளைகள் குதித்துக் குதித்து ஆடுகிறார்கள். மேளம் தொடங்கியதும் எனக்கு மட்டும் டெட்டோல் வாசனை வரும், என் கை தானாக வயிற்றுக்குப் போகும்.